3,600 சுற்றைத் தாண்டாத பழைய அவுட்போர்டு எஞ்சின்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஏறத்தாழ 30 ஆண்டுகள் பழமையான ஓர் அவுட்போர்டு எஞ்சின் (படகின் பின்புறம் வெளியே மாட்டுவது), முழு த்ராட்டிலில், அதாவது வேக லீவரை முழுதும் தள்ளிய நிலையில், எட்டவேண்டிய சுற்றை எட்டாமல் போனதற்கான காரணங்களைத் தேடிய விவரம் இங்கே பதிவு செய்யப்படுகிறது. 40 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு கார்புரேட்டர்கள், சி.டி.ஐ. இக்னிஷன் (மின்தேக்கியில் சேர்த்த மின்சாரத்தால் பொறி உண்டாக்கும் முறை), பெட்ரோலில் ஆயிலை 50-க்கு 1 என்று கலந்து ஊற்றும் முறை ஆகியவை அதன் அமைப்பு. எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றினால் புரொப்பெல்லர் ஒரு சுற்றுச் சுற்றும்படி கியர் அமைந்திருந்தது. 4.5 மீட்டர் நீளமுள்ள ஃபைபர் படகில் அது பொருத்தப்பட்டிருந்தது. 13 அங்குலப் பிட்ச் (நழுவாமல் ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) கொண்ட புரொப்பெல்லர் நெடுங்காலமாக மாற்றப்படவே இல்லை.

முழு த்ராட்டிலில் நிமிடத்துக்கு 4,500 முதல் 5,500 சுற்றுக்குள் எஞ்சின் ஓடவேண்டும் என்பது கையேட்டின் அளவு. இரண்டு பேர் அமர்ந்து ஓட்டினால் 5,200 வரை எட்டியதாக உரிமையாளர் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். பழைய எஞ்சினைப் பழுது பார்ப்பவருக்கு இப்படி ஒரு குறிப்பேடு கிடைப்பது அரிது. பின்னர் நடந்த எல்லாவற்றுக்கும் அந்த ஒற்றை எண்ணே அளவுகோலாக இருந்தது.

படகு இரண்டு ஆண்டுகள் ஓடாமல் டிரெய்லரிலேயே நின்றிருந்தது. திரும்ப நீரில் இறக்கியபோது எஞ்சின் உடனே கிளம்பியது. ஐடிலிங்கும் சீராக இருந்தது. ஆனால் லீவரை முழுதும் தள்ளினாலும் 3,800-ஐத் தாண்டவில்லை. முன்பு படகைப் பார்த்த மெக்கானிக் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றி, இரண்டு கார்புரேட்டர்களையும் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினார். அதன் பிறகு எண் ஏறாததோடு 3,600-க்கு இறங்கியது. அந்த நிலையில்தான் படகு எங்களிடம் வந்தது.

எங்கிருந்து தொடங்குவது

உரிமையாளர் ஒரு தீர்வோடுதான் வந்திருந்தார். “பிட்ச் குறைஞ்ச புரொப்பெல்லர் போட்டா சுற்று ஏறிடும்னு சொல்றாங்களே, அதையே பண்ணிடலாமா?” என்று கேட்டார். கேள்வியில் தவறில்லை. பிட்ச்சை ஓர் அங்குலம் குறைத்தால் சுமார் 150 முதல் 200 சுற்று ஏறும் என்பது இத்தொழிலில் உள்ள எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. 13-க்குப் பதில் 10 அங்குலம் போட்டிருந்தால் சுற்றைக் காட்டும் டகோமீட்டரின் முள் 4,100-ஐ ஒட்டி நின்றிருக்கும். படகும் ஓரளவு சுறுசுறுப்பாகத் தோன்றியிருக்கும்.

அதை நான் மறுத்ததற்குக் காரணம் உண்டு. சுற்று குறைவது இரண்டு வழிகளில்தான் நடக்கும்: எஞ்சின் தன் முழுச் சக்தியைத் தரவில்லை, அல்லது அதன்மேல் ஏற்றப்பட்ட சுமை அதிகமாகிவிட்டது. இதே புரொப்பெல்லரோடு இதே படகு 5,200 சுற்று ஓடியிருக்கிறது என்றால், இடையில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. மாறியது புரொப்பெல்லர் அல்ல. மாறியது எது என்று தெரியாமல் பிட்ச்சைக் குறைத்தால், சிலிண்டருக்குள் நடந்துகொண்டிருக்கும் கேட்டைச் சுற்று கூடிய மகிழ்ச்சி மறைத்துவிடும். எனவே எஞ்சின் குறையற்றது என்று உறுதியாகும்வரை புரொப்பெல்லரைத் தொடுவதில்லை என்றும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் அதே இரண்டு பேர், அதே அளவு பெட்ரோல், அதே நீர்ப்பாதை என்று வைத்துப் போகவும் வரவும் ஓட்டிச் சராசரி எடுப்பது என்றும் முடிவு செய்தோம்.

டகோமீட்டரைச் சோதித்தது

பழைய படகுகளின் டகோமீட்டர், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் சுருளிலிருந்து வரும் துடிப்புகளை எண்ணியே சுற்றைக் காட்டுகிறது. அதன் பின்புறம் உள்ள சிறு திருகி தவறான எண்ணில் நின்றால், நன்றாக ஓடும் எஞ்சினும் நோயாளியாகத் தெரியும். ஆகவே முதலில் பிளக் வயரில் கவ்வும் கையடக்க டகோமீட்டர் ஒன்றை வைத்துப் பார்த்தோம். அது 7,200 என்று காட்டியது. அந்தக் கருவி ஃபோர்-ஸ்ட்ரோக் நிலையில், அதாவது இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி என்ற கணக்கில் விடப்பட்டிருந்தது. இந்த எஞ்சினிலோ ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி. நிலையை மாற்றியதும் 3,600 வந்தது. படகிலிருந்த முள்ளும் அதையே காட்டியது.

ஜி.பி.எஸ். காட்டிய வேகம் மணிக்கு 21 கிலோமீட்டர். 3,600 சுற்றில் புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 1,800 முறை சுற்றுகிறது. சுற்றுக்கு 13 அங்குலம், அதாவது 33 சென்டிமீட்டர் என்று கொண்டால், துளியும் நழுவாமல் போயிருந்தால் மணிக்கு 35 கிலோமீட்டருக்குச் சற்று மேலே வேகம் இருந்திருக்க வேண்டும். ஏறத்தாழ 40 விழுக்காடு ஸ்லிப், அதாவது நழுவல். முகப்பைத் தூக்கிக்கொண்டு, பின்பக்கம் அமிழ்ந்து, பெரிய அலையை இழுத்தபடி போன படகைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு வியப்பளிக்காது: படகு எழும்பிச் சறுக்கு நிலைக்கு வரவே இல்லை.

முதல் நாள்: கம்ப்ரஷனும் பொறியும்

எஞ்சினைச் சூடாக்கி, இரண்டு பிளக்குகளையும் கழற்றி, பிளக் வயர்களை எஞ்சின் உடலோடு எர்த் செய்து, த்ராட்டிலை முழுதும் திறந்து கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தத்தை, அளந்தோம். மேல் சிலிண்டரில் 118 பி.எஸ்.ஐ., கீழ் சிலிண்டரில் 115. இந்த வயதுக்கு இது மனநிறைவு தரும் அளவு. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு சிறியதாக இருப்பதே தனித்தனி எண்களைவிட முக்கியமானது. பொறிச் சோதனைக் கருவியில் 11 மில்லிமீட்டர் இடைவெளியை இரண்டு சிலிண்டர்களின் பொறியும் நீல நிறத்தில் தாண்டின. குளிர்நீர் பீறிட்டு வெளியேறும் துளையில் நீரோட்டம் சீராக இருந்தது. சூடு எச்சரிக்கை ஒலியும் எழவில்லை. இதைப் பார்த்தாக வேண்டும், ஏனெனில் சில எஞ்சின்களில் சூடு மிகுந்தால் இக்னிஷனே சுற்றை வேண்டுமென்று கட்டுப்படுத்திவிடும்.

ஓட்டித் திரும்பியதும் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரி அடர்பழுப்பாக, சற்று ஈரமாக இருந்தன. இரண்டு சிலிண்டர்களும் ஒன்றுபோல் எரிகின்றன என்று குறித்துக்கொண்டேன். இது என் தவறு. ஏன் என்பது பின்னால் வருகிறது.

த்ராட்டில் முழுதும் திறக்கிறதா

எஞ்சினை நிறுத்தி, மேல்மூடியைக் கழற்றி, உதவியாளர் ஒருவர் புரொப்பெல்லரைக் கையால் மெல்லத் திருப்பிக்கொண்டிருக்க, லீவரை முன் கியரில் போட்டு முழுதும் தள்ளினோம். கார்புரேட்டர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோது, படுக்கைவசமாகக் கிடக்கவேண்டிய த்ராட்டில் தகடுகள் இரண்டும் 15 பாகை அளவுக்குச் சாய்ந்தே நின்றன. த்ராட்டில் கையைக் கையால் அழுத்தினால் மிச்சமும் திறந்தது. ஆகவே தடை கார்புரேட்டரில் இல்லை. கேபிளின் முனையில் இருந்தது. கார்புரேட்டர்களைக் கழற்றி மாட்டிய சமயத்தில் கேபிள் முனையின் திருகு சில மரைகள் தள்ளி ஏறியிருந்தது. 3,800 என்ற எண் 3,600 ஆனதற்கு இதுவே விளக்கம்: முதல் பழுதைத் தேடிய வேலையே இரண்டாவது பழுதைச் சேர்த்திருந்தது.

திருகைச் சரிசெய்து, லீவர் நடுநிலைக்கு வரும்போது தகடுகள் முழுதும் மூடுகின்றனவா என்பதையும் பார்த்த பின் ஓட்டினோம். 3,850 வந்தது. உரிமையாளர் முகம் மலர்ந்தது. ஆனால், முந்தைய மெக்கானிக் கை வைப்பதற்கு முன் இருந்த நிலைக்குத்தான் நாங்கள் திரும்பியிருந்தோம். மூலக் காரணம் இன்னும் அகப்படவில்லை.

இரண்டாம் நாள்: ஒரு ரப்பர் பல்பு சொன்ன செய்தி

மறுநாள், முழு த்ராட்டிலில் 3,850 சுற்று ஓடிக்கொண்டிருந்தபோது, பெட்ரோல் ஹோஸின் நடுவிலுள்ள பிரைமர் பல்பை (பிசைந்தால் பெட்ரோலை எஞ்சினுக்குத் தள்ளும் ரப்பர் உருண்டையை) கையால் பிசையச் சொன்னேன். இரண்டாவது அழுத்தத்திலேயே எஞ்சின் ஒலி மாறியது. முள் 4,300-க்கு ஏறி, பிசைவதை நிறுத்திய சில வினாடிகளில் பழைய இடத்துக்கே இறங்கியது. மூன்று முறை செய்தோம். மூன்று முறையும் அப்படியே. எஞ்சின் பெட்ரோலுக்காகத் தவித்துக்கொண்டிருந்தது என்பதில் ஐயத்துக்கே இடமில்லாமல் போயிற்று.

அந்தக் கணமே ஓட்டத்தை நிறுத்தினேன். ஆயிலைப் பெட்ரோலோடு கலந்து ஓடும் எஞ்சினில் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைகிறது. கலவை மெலிந்து சூடு ஏறும் அதே வேளையில் சிலிண்டர் சுவரில் மசகும் குறைகிறது. பிஸ்டன் உரசிச் சிராய்ப்பதற்கு இதைவிடத் தோதான சூழல் இல்லை. முதல் நாளில் நாங்கள் ஓட்டிய நீண்ட ஓட்டங்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.

நிறுத்தும் முறையில் ஒரு மாற்றம் செய்தேன். த்ராட்டிலைக் குறைத்துக் கரைக்குத் திரும்பாமல், முழு த்ராட்டிலில் இருக்கும்போதே எஞ்சினை அணைத்து, அந்த இடத்திலேயே பிளக்குகளைக் கழற்றினோம். மேல் பிளக் கரிய நிறத்தில் ஈரமாக இருந்தது. கீழ் பிளக்கின் பீங்கான் வெளிறி, ஏறத்தாழ வெள்ளையாக இருந்தது. முதல் நாள் நான் பார்த்தது, கரைக்கு மெல்ல வந்து சேர்ந்த அந்தச் சில நிமிட ஐடிலிங்கின் நிறம். அதிவேக ஓட்டத்தின் நிறம் அதன் அடியில் மறைந்துபோயிருந்தது.

பல்பிலிருந்து பம்புக்கு

தடை பல்புக்கு முன்னால் தொட்டியின் பக்கம் இருந்தால், அதாவது தொட்டியின் காற்றுத் துளை அடைபட்டாலோ உறிஞ்சுகுழாயில் அழுக்குச் சேர்ந்தாலோ, பல்பு சப்பையாக ஒட்டிக்கொள்ளும். இங்கே அது உருண்டையாகவே இருந்தது. ஆயினும் ஊகத்தை நம்பாமல், சிறு தொட்டி ஒன்றைப் புதிய ஹோஸ், புதிய பல்பு ஆகியவற்றோடு நேரே எஞ்சினில் இணைத்துச் சில வினாடிகள் மட்டும் முழு த்ராட்டிலில் ஓட்டினோம். முள் 3,850-லேயே நின்றது. படகின் தொட்டியும் ஹோஸும் குற்றமற்றவை என்று தெளிவாயிற்று. மிஞ்சியது எஞ்சினில் உள்ள பெட்ரோல் பம்பு.

இந்தப் பம்புக்குத் தனி மோட்டார் கிடையாது. மேல் சிலிண்டரின் கிராங்க் கேஸில் (பிஸ்டனுக்குக் கீழுள்ள அறையில்) பிஸ்டன் அசைவால் ஏறி இறங்கும் அழுத்தம், ஒரு சிறு துளை வழியாக வந்து டயாஃப்ரம் என்ற மெல்லிய ரப்பர் சவ்வை முன்னும் பின்னும் அசைக்கிறது. அந்த அசைவே பெட்ரோலை இழுத்துத் தள்ளுகிறது. பம்பைத் திறந்து டயாஃப்ரத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். துணிபோல் துவளவேண்டிய அது காய்ந்த இலைபோல் விறைத்து, ஒரு பக்கமாகக் குழிந்திருந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபோது, விளிம்பை ஒட்டி ஊசிமுனை அளவில் ஒரு புள்ளி மினுங்கியது.

அந்தப் புள்ளி, பிளக்குகளின் புதிரையும் சேர்த்து அவிழ்த்தது. விறைத்த டயாஃப்ரம் போதிய பெட்ரோலைத் தள்ளாததால் இரண்டு கார்புரேட்டர்களும் பட்டினி கிடந்தன. கீழ் சிலிண்டர் வெளிறியது அதனால். அதே சமயம் ஓட்டை வழியாகக் கசிந்த பெட்ரோல், துடிப்புத் துளையினூடே நேராக மேல் சிலிண்டரின் கிராங்க் கேஸுக்குள் போயிற்று. மேல் பிளக் கறுத்தது அதனால். ஒரே பழுது, ஒரு சிலிண்டரில் மிகையாகவும் மற்றதில் குறையாகவும் தன்னைக் காட்டியது. இதைக் கார்புரேட்டர் கோளாறு என்று நினைப்பது இயல்பே. ஐடிலிங்கில் பெட்ரோல் தேவை மிகக் குறைவு என்பதால், குறைந்த வேகத்தில் எதுவும் தெரியவில்லை.

எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கெடுக்கிறது என்பது அறிந்ததே. இங்கே அதுதான் காரணமா, இரண்டு ஆண்டு ஓய்வில் காய்ந்ததா என்று பிரித்துச் சொல்ல என்னிடம் சான்று இல்லை. டயாஃப்ரம், வால்வு, கேஸ்கட் அடங்கிய முழு கிட்டை மாற்றினோம். ஹோஸில் குறை தெரியாவிட்டாலும், உள்படலம் உரிந்து மடிப்பாய் மூடிக்கொள்ளும் வயதை எட்டியிருந்ததால் அதையும் மாற்றினோம். ஆனால் பம்பை மாற்றி, ஓட்டி, எண்ணைக் குறித்த பிறகே ஹோஸில் கை வைத்தோம்.

பம்பு கிட்டுக்குப் பின் 4,550 சுற்று, மணிக்கு 35 கிலோமீட்டர். பல்பைப் பிசைந்தால் மாற்றம் இல்லை. பிளக்குகள் இரண்டும் ஒரே பழுப்பு. ஹோஸ் மாறிய பின்னும் எண் அசையவில்லை.

நின்றிருக்கக்கூடிய இடம்

4,550 என்பது கையேட்டின் எல்லைக்குள் இருக்கிறது. இங்கேயே வேலையை முடித்துப் படகை ஒப்படைத்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் உரிமையாளரின் குறிப்பேட்டில் இருந்தது 5,200. எல்லையின் அடிவிளிம்பில் ஓடும் எஞ்சின், நாலு பேர் ஏறிய நாளில் எல்லைக்கு வெளியே தள்ளப்படும். முழு த்ராட்டிலில் திணறித் திணறிச் சுற்றுவது, வேகமாகச் சுற்றுவதைவிட எஞ்சினுக்குக் கெடுதல்; சுமையில் அமுங்கிய பிஸ்டனும் பேரிங்கும் ஒவ்வொரு வெடிப்புக்கும் கூடுதல் அடி வாங்குகின்றன.

படகைக் கரையில் உறுதியாகக் கட்டி, டைமிங் லைட் வைத்து, பிஸ்டன் உச்சிக்கு வருமுன் பொறி எவ்வளவு முந்தி விழுகிறது என்ற அதிகபட்ச முன்னேற்றம் கையேட்டின் அளவை எட்டுகிறதா என்று பார்த்தோம். ஒரு பாகைக்குள் சரியாக இருந்தது. புரொப்பெல்லரின் இதழ்களில் வளைவு இல்லை. படகின் அடிப்பகுதியில் பாசியோ சிப்பியோ இல்லை. எஞ்சின் தன் பங்கைச் செய்கிறது என்று அப்போதுதான் முழு நம்பிக்கை வந்தது. இனித் தேடவேண்டியது சுமையை.

மூன்றாம் நாள்: நீர்க்கோடு

ஆளில்லாமல் மிதந்துகொண்டிருந்த படகைக் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கண்ணில் பட்டது. பல ஆண்டு மிதந்ததால் பக்கவாட்டில் படிந்திருந்த பழைய நீர்க்கறை, முகப்பில் நீர்மட்டத்தோடு ஒட்டி ஓடியது. பின்பலகையில் அது நீருக்குள் மூழ்கியிருந்தது. அளவுகோலை வைத்துப் பார்த்தால் பின்பக்கம் 4 சென்டிமீட்டர் ஆழம் கூடியிருந்தது. முன்பக்கம் சுழி, பின்பக்கம் நான்கு, சராசரி இரண்டு. நீர்மட்டத்தில் படகின் பரப்பு ஏறத்தாழ 5 சதுர மீட்டர். 2 சென்டிமீட்டரால் பெருக்கினால் 0.1 கன மீட்டர் நீர், அதாவது சுமார் 100 கிலோ. கண்ணுக்குத் தெரியாத ஒன்றரை ஆள், எப்போதும் படகின் பின்பாதியில் உட்கார்ந்திருந்தது போல.

தரைப்பலகையில் உரிமையாளர் ஒப்புதலோடு ஒரு சோதனைத் துளை இட்டோம். துளைக் கருவியோடு வெளியே வந்த மிதவை ஃபோம் நனைந்த ரொட்டி போல் இருந்தது. விரலால் அழுத்தியதும் நீர் வழிந்தது. இரண்டு ஆண்டுகள் கிழிந்த உறையின்கீழ், டிரெய்லரில் பின்பக்கம் தாழ நின்ற படகில் மழைநீர் தரைக்கடியில் இறங்கித் தேங்கியிருக்கிறது.

புரொப்பெல்லர் கேள்வி மறுபடியும்

உரிமையாளர் மீண்டும் அதே கேள்வியை எழுப்பினார். இம்முறை அதற்கு வலுவான நியாயம் இருந்தது. எஞ்சின் சரியாகிவிட்டது, சுமைதான் அதிகம், 11 அங்குலப் பிட்ச் போட்டால் 300 முதல் 400 சுற்று கிடைக்கும், தரையைப் பிளக்கும் பெரிய வேலை தவிரும். நானும் சற்று நேரம் தடுமாறினேன். இரண்டு காரணங்கள் என்னைத் தடுத்தன. ஒன்று, பிற்பாடு ஒரு நாள் ஃபோமை மாற்றினால் அந்தப் புரொப்பெல்லரோடு எஞ்சின் 5,500-ஐத் தாண்டும். மற்றது இன்னும் தீவிரமானது: நீர் குடித்த ஃபோம் சுமை மட்டுமல்ல, படகு கவிழ்ந்தாலோ நிரம்பினாலோ அதை மிதக்க வைக்கவேண்டிய பொருளும் அதுவே. அந்த வேலையை இனி அது செய்யாது. இதைச் சொன்னதும் அவர் வேறு பேச்சுப் பேசவில்லை.

விளைவு

தரைப்பலகையைத் திறந்து ஃபோமை முழுதும் வெட்டி எடுக்கவும், மரச்சட்டங்கள் காயவும், நீர் உறிஞ்சாத மூடிய-அறை ஃபோம் வைத்துத் தரையை மறுபடி அடைக்கவும் இரண்டு மாதங்கள் ஆயின. புரொப்பெல்லர் அதே 13 அங்குலம். அதே இரண்டு பேரோடு ஓட்டியபோது 5,150 சுற்று, மணிக்கு 43 கிலோமீட்டர். ஸ்லிப் 16 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. லீவரைத் தள்ளிய சில வினாடிகளில் முகப்பு இறங்கிப் படகு நீரின்மேல் சறுக்கத் தொடங்கியது. குறிப்பேட்டின் பழைய எண்ணுக்கும் இதற்கும் உள்ள 50 சுற்று வேறுபாட்டை நாங்கள் மேற்கொண்டு துரத்தவில்லை. காற்றும் வெப்பமும் மாறினாலே அந்த அளவு வரும். கம்ப்ரஷனை மறுபடி எடுத்தோம்: 118, 115. முதல் நாளின் அலட்சியத்துக்கு எஞ்சின் விலை கொடுக்கவில்லை.

மாற்றிச் செய்யவேண்டியவை

பல்பைப் பிசைந்து பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது, எந்தக் கருவியும் வேண்டாம். அதை இரண்டாம் நாளுக்குத் தள்ளியது என் பெரிய பிழை. இனி, சுற்று ஏறாத எந்த எஞ்சினிலும் முதல் ஓட்டத்திலேயே அதைச் செய்வேன். பெட்ரோல் போதவில்லை என்று தெரிந்தால் பழுது நீங்கும்வரை சில வினாடிகளுக்கு மேல் முழு த்ராட்டில் கொடுக்க மாட்டேன். பிளக்கின் நிறத்தைப் படிப்பதாக இருந்தால் முழு த்ராட்டிலில் அணைத்த பிறகே கழற்றுவேன். முன்பு ஒருவர் கை வைத்த எஞ்சின் என்றால், அவர் தொட்ட இணைப்புகளையே முதலில் சரிபார்ப்பேன். அவரைக் குறை சொல்வதற்காக அல்ல, புதிதாய் மாறிய இடம் அதுதான் என்பதற்காக.

படகை முதன்முதல் நான் பார்த்தது டிரெய்லரின்மேல். மிதக்கும்போது அதை விலகி நின்று ஒரு முறை பார்த்திருந்தால், நீர்க்கோடு முதல் நாளே கண்ணில் பட்டிருக்கும். எஞ்சின் பழுது தீர்ந்த பின்னும் 4,550 என்ற எண்ணின் பொருள் என்ன என்று யோசித்துக்கொண்டிருக்க நேர்ந்திராது.

உரிமையாளர் இப்போது பின்பலகையின் இரு ஓரங்களிலும், காலிப் படகு மிதக்கும் மட்டத்தில், வண்ணத்தால் ஒரு மெல்லிய கோடு போட்டிருக்கிறார். எஞ்சின் மேல்மூடியின் உட்புறத்தில், கம்ப்ரஷன் அளவுகளும் முழு த்ராட்டில் சுற்றும் வேகமும் ஆள் எண்ணிக்கையும் தேதியோடு அழியாத மையில் எழுதப்பட்டுள்ளன.